எளிய சொற்களின் அதிகாரி: சேர் ஏர்னெஸ்ட் கவர்ஸ்

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் வீடுகளில் மண்ணிறக் கடித உறைக்கென்று ஓர் இடம் உண்டு. சில வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் மேல். சில வீடுகளில் சுவாமிப் படத்தின் கீழ். வரித் திணைக்களத்தில் இருந்து வந்தாலென்ன, கவுன்சிலில் இருந்து வந்தாலென்ன, அந்த உறை உடனே உடைக்கப்படுவதில்லை. பள்ளிக்கூடத்தால் பிள்ளை வரட்டும், வாசித்துச் சொல்லட்டும் என்று அது காத்திருக்கும். இருபது வருடங்களுக்கும் மேலாக, அப்படிக் காத்திருந்து கசங்கிய உறைகளைப் பிரித்துப் படிப்பதே எமது தொழிலின் பாதி.

இன்று அந்தக் கடிதங்களின் ஆங்கிலம் பெரும்பாலும் நேரானது. எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் திகதிக்குள் கட்ட வேண்டும், பிழையென்று நினைத்தால் யாருக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் அநேகமாக முதற் பக்கத்திலேயே இருக்கும். எப்போதும் அப்படித்தான் என்று சொல்லமாட்டோம். மூன்று முறை வாசித்தும் எமக்கே விளங்காத கடிதங்கள் இன்னமும் வருகின்றன. ஆனாலும் நூறு வருடங்களுக்கு முன்னர் இந்த நாட்டு அரசாங்கம் தன் மக்களுக்கு எழுதிய விதத்தோடு ஒப்பிட்டால் இது வேறு மொழி. அந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல. மனிதர்களில் ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் சேர் ஏர்னெஸ்ட் கவர்ஸைச் சொல்வோம். அவர் ஒரு காலத்தில் அதே வரித் திணைக்களத்தின் தலைவராக இருந்தவர் என்பது கணக்குத் தொழிலில் இருக்கும் எமக்குக் கூடுதல் சுவை.

1880 ஆம் ஆண்டு யூன் மாதம் லண்டனில் பிறந்தவர் கவர்ஸ். தந்தையார் சேர் வில்லியம் கவர்ஸ் உலகப் புகழ் பெற்ற நரம்பியல் வைத்தியர். உங்கள் வீட்டில் வைத்தியம் படித்த பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். தசை பலவீனமான குழந்தை நிலத்தில் இருந்து எழும்போது தன் கால்களிலேயே கையை ஊன்றி ஏறுவதைக் கவர்ஸ் குறி என்று சொல்வார்கள். அந்தக் கவர்ஸ் இவர்தான். நோயாளி சொல்வதை ஒன்றும் விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவருக்கு அப்படியொரு பிடிவாதம். சுருக்கெழுத்துப் பழகும்படி மற்ற வைத்தியர்களை நச்சரித்து, அதற்கென்று 1894 இல் ஒரு சங்கமே தொடங்கினார். சொல்லையும் எழுத்தையும் தொழிற்கருவியாகப் பார்க்கும் பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே வந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மூத்த மகன் வில்லியம் பின்னாளில் உகண்டாவின் ஆளுநர் ஆனார். இளையவர் ஏர்னெஸ்ட் றக்பி பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிளெயார் கல்லூரியிலும் இலத்தீன், கிரேக்கம் படித்து முதல் வகுப்பில் தேறி, 1903 இல் அரசாங்க சேவையில் சேர்ந்தார்.

முதல் வேலை வரித் திணைக்களத்தில். அங்கே அதிக காலம் இருக்கவில்லை. இந்திய அலுவலகத்துக்கு மாறி, இந்தியாவுக்கான துணை அமைச்சர்களின் தனிச் செயலாளராக இருந்தார். (இலங்கை விடயம் எதுவும் அவர் மேசைக்கு வந்திருக்காது. நாங்கள் குடியேற்றநாட்டு அலுவலகத்தின் கீழ் இருந்தோம்.) பின்னர் 1911 இல், நிதியமைச்சராக இருந்த லொயிட் ஜோர்ஜின் தனிச் செயலாளர் ஆனார். தொழிலாளருக்கு நோய்க்காலக் கொடுப்பனவு தரும் தேசிய காப்புறுதிச் சட்டம் வந்த வருடம் அது. அடுத்த வருடமே அந்தத் திட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஆணைக்குழுவுக்குப் போனார். அரசாங்கத்தின் கடிதத்தை வாழ்நாளில் ஒருபோதும் பெற்றிராத தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களும் முதல் தடவையாக அட்டையும் படிவமும் கையில் வைத்துக்கொண்டு விழித்த காலம்.

அந்தக் காலத்து அரச கடிதத்துக்கு ஒரு சட்டகம் இருந்தது. எழுதுபவர் தானாக எழுதமாட்டார். இன்னதை அறியத்தருமாறு தான் பணிக்கப்பட்டிருப்பதாகத் தொடங்குவார். முடிவில் தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று கையொப்பமிடுவார். நடுவில் யார் தீர்மானித்தது, யார் மறுத்தது என்பது தெரியாது. தீர்மானிக்கப்பட்டுள்ளது, கவனிக்கப்படும், வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. எல்லாம் தானாக நடப்பது போல.

இது எங்கோ கேட்ட குரலாக உங்களுக்குத் தோன்றினால் அதில் ஆச்சரியம் இல்லை. கச்சேரியில் இருந்து வந்த கடிதங்களில் மேற்படி விடயம் தொடர்பாக இத்தால் அறியத்தருகின்றேன் என்று வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த இத்தால் தமிழின் சொத்து அல்ல. லண்டன் கந்தோர் ஒன்றில் பிறந்து, கப்பலில் கொழும்புக்கு வந்து, மொழிபெயர்க்கப்பட்டு, யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தபாலில் போனது. பிறந்த வீட்டில் அதற்குக் கிரியை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் எங்கள் ஊர்க் கந்தோர்களில் அது திடகாத்திரமாக இருந்தது.

கவர்ஸின் நடுவயதை விரைவாகவே சொல்லிவிடலாம். முதலாம் உலகப் போரில் அரசின் இரகசியப் பிரசாரப் பிரிவில் வேலை. போருக்குப் பிறகு நிலக்கரி. 1920 இல் சுரங்கத் திணைக்களத்தின் நிரந்தரச் செயலாளர். 1926 பொது வேலைநிறுத்தத்தின்போதும் அந்தக் கதிரையில் அவர்தான் இருந்தார். 1927 முதல் 1930 வரை உள்நாட்டு இறைவரிச் சபையின் தலைவர். அதன்பின் சுரங்கங்களை ஒன்றிணைக்கும் ஆணைக்குழுவின் தலைமை. முதலாளிமார் இணங்கவில்லை, அந்த வேலை பெரிதாகச் சரிவரவில்லை. ஒரு பக்கம் முதலாளி, மறு பக்கம் தொழிலாளி, நடுவில் அமைச்சர் என்று மூன்று தரப்புக்கும் முப்பது வருடம் கடிதம் எழுதிய மனிதர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். எழுத்தைப் பற்றிப் பின்னர் அவர் சொன்னது எதுவும் பேராசிரியரின் யோசனை அல்ல. கந்தோரில் பிழைத்தவரின் யோசனை.

1939 இல் அடுத்த போர். லண்டன் பிராந்தியத்தின் சிவில் பாதுகாப்பு ஆணையாளர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டார். 1941 முதல் போர் முடியும்வரை முதுநிலை ஆணையாளர். அவர்களின் தலைமையகம் சவுத் கென்சிங்டனில் இருந்த புவியியல் அருங்காட்சியகக் கட்டடம். இன்று அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. பள்ளிச் சுற்றுலாவுக்கு எங்கள் பிள்ளைகள் போய்க் கற்களும் எரிமலைகளும் பார்த்து வரும் அதே இடம். 1940 செப்டெம்பரில் இருந்து அடுத்த வருடம் மே வரை லண்டன் மீது குண்டு விழுந்தபோது தீயணைப்பு, மீட்பு, தங்குமிடம் எல்லாம் அங்கிருந்து ஒருங்கிணைக்கப்பட்டன. குண்டு விழுந்த தெருவுக்கு அனுப்பும் செய்தியில் எந்தத் தெரு, எத்தனை பேர், என்ன தேவை என்பதற்கு மேல் ஒரு சொல்லுக்கும் இடமில்லை. குண்டுவீச்சுக்குள் வாழ்ந்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போர் இன்னொன்றையும் செய்தது. அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டத் தொடங்கியது. பங்கீட்டுப் புத்தகம், இடிந்த வீட்டுக்கு நட்டஈடு, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் படிவம். 1944 இல் சம்பளத்திலேயே வரி கழிக்கும் முறை வந்தது. அதுவரை வருமான வரி என்பது ஓரளவு வசதியானவர்களின் தலையிடி. இப்போது தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் வரிக் குறியீட்டு எண். பிறகு 1946 இன் தேசிய காப்புறுதிச் சட்டம், 1948 யூலையில் தேசிய சுகாதார சேவை. கனவானுக்குக் கனவான் எழுதிய கடிதச் சட்டகத்தில், பன்னிரண்டு பதினான்கு வயதில் பள்ளியை விட்ட மனிதருக்கு அவருடைய உரிமையை விளக்க வேண்டி வந்தது. அது முடியவில்லை.

அப்போது திறைசேரியின் தலைவராகவும் சிவில் சேவையின் தலைவராகவும் இருந்தவர் சேர் எட்வேட் பிரிட்ஜஸ். அதிகாரிகளின் எழுத்தைத் திருத்த ஒரு கையேடு எழுதித் தரும்படி அவர் கவர்ஸைக் கேட்டார். கவர்ஸுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. 1948 இல் அரச அச்சகம் அதை பிளெயின் வேர்ட்ஸ், அதாவது எளிய சொற்கள், என்ற பெயரில் இரண்டு ஷிலிங்குக்கு வெளியிட்டது. அரச ஊழியருக்கென்று அச்சடித்த சிறு புத்தகத்தைப் பொதுமக்கள் கடையில் வாங்கத் தொடங்கினார்கள். அந்த வருடத்துக்குள்ளேயே பலமுறை மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. 1951 இல் அகரவரிசையில் இன்னொரு நூல். இரண்டையும் சேர்த்துத் திருத்தி 1954 இல் வந்ததுதான் தி கம்ப்ளீட் பிளெயின் வேர்ட்ஸ். அது இன்றுவரை விற்பனையில் இருக்கிறது.

இந்தப் புத்தகம் எமது கைக்கு வந்தது ஒரு பிழையின் வழியாக. அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையல்ல.

நாம் யாழ்ப்பாணத்தில் வர்த்தகம் படித்தவர்கள். மண்ணெண்ணெயும் கடதாசியும் தட்டுப்பாடாக இருந்த காலம். ஜாம் போத்தல் விளக்கில் பாடம். அந்த வெளிச்சத்தில் நாம் மனப்பாடம் செய்தவற்றில் ஆங்கில வணிகக் கடிதமும் ஒன்று. தங்கள் மேலான கடிதம் கிடைத்ததை அறியத்தர இரந்து நிற்கிறோம் என்ற பாணி. இம்மாதத்துக்கு இன்ஸ்டன்ட், போன மாதத்துக்கு அல்டிமோ, வரும் மாதத்துக்கு பிராக்சிமோ. பொருளாதாரத் தடைக்குள் சவர்க்காரத்துக்கு அலைந்த நாங்கள், மான்செஸ்டர் வியாபாரிக்கு இருபது பொதி துணி அனுப்புவது பற்றி அழகாக எழுதப் பழகினோம். இவற்றைக் குப்பையில் போடும்படி கவர்ஸ் தன் நாட்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அப்போது நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பது எமக்கும் தெரியாது, எமக்குப் படிப்பித்தவர்களுக்கும் தெரியாது.

லண்டனுக்கு அகதியாக வந்து, சில வருடங்கள் பெற்றோல் நிலையத்தில் நின்று, ஒரு சிறிய கணக்காளர் கந்தோரில் வேலை எடுத்தோம். 2002 ஜனவரியில், பலசரக்குக் கடை வைத்திருந்த எம்மவர் ஒருவரின் வரிப் படிவத்தை நிரப்பி அவருக்கு அனுப்பினோம். அவர் அதில் கையொப்பமிட்டு 31 ஆம் திகதிக்கு முன்னர் திருப்பி அனுப்ப வேண்டும். கூடவே ஒரு கடிதம். எமது முழு வித்துவத்தையும் காட்டிய கடிதம். முதல் பந்தியில் முகமன். இரண்டாவதில் எந்தச் சட்டத்தின் கீழ் இது செய்யப்படுகிறது என்ற விளக்கம். நான்காவது பந்தியின் நடுவில், இணைக்கப்பட்டுள்ள படிவம் கையொப்பமிடப்பட்டு உரிய திகதிக்கு முன் திருப்பப்படுதல் வேண்டப்படுகிறது என்று ஒரு வசனம். யார் வேண்டுகிறார், யார் திருப்ப வேண்டும் என்பது அந்த வசனத்துக்குள் இல்லை. எந்தத் திகதி என்பதும் இல்லை.

பெப்ரவரியில் நூறு பவுண் தண்டம் வந்தது. அவரிடம் போனோம். அவர் எமது கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கடைப் பதிவுப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருந்தார். படிவமும் அதற்குள்ளேதான். இவ்வளவு மரியாதையாக எழுதியிருப்பதால் இது வைத்திருக்க வேண்டிய கடதாசி என்று நினைத்தேன் தம்பி என்று விளக்கம் சொன்னார். கோபிக்கவே இல்லை. அதுதான் எமக்கு இன்றுவரை உறுத்தல். அவரை அண்ணை என்று கூப்பிட்டு ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். நூறு பவுணை நாம்தான் கட்டினோம். எமது மேலாளரான ஆங்கிலேயப் பெரியவர் கடிதத்தின் பிரதியை வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் மறுநாள் வீட்டில் இருந்து பென்குவின் வெளியிட்ட பழைய பிரதி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

வாசித்தபோது முதலில் பட்டது, அதில் இலக்கணச் சட்டம் பிள்ளைகளை வெருட்டும் வாத்தியார் மாதிரி வரவில்லை என்பதுதான். எழுதுபவர் தன்னை வாசிப்பவரின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கடிதம் போட்டவர் என்ன கேட்கிறார் என்பதை முதலில் விளங்கிக்கொள். பதிலை முதலில் சொல்லு, விளக்கத்தைப் பிறகு சொல்லு. உன் சிரமத்தைக் குறைக்க அவர் சிரமப்படுவது நியாயம் என்று தோன்றும்படி எதையும் எழுதாதே. சொற்களைப் பொறுத்தவரை மூன்றே விடயங்கள்: தேவையற்றதை விடு, பழக்கமானதை எடு, துல்லியமானதை எடு. கமென்ஸ் வேண்டாம், பிகின் போதும். பேர்ச்சஸ் வேண்டாம், பை போதும். ஒரே பொருள் தரும் இரண்டு சொல்லில் சந்தைக்குத் தெரிந்த சொல்லே நல்லது என்பது அவரது கட்சி.

நான், நாம், அல்லது ஆளே இல்லாத செயப்பாட்டு வினை. இந்த மூன்றில் எதைக் கந்தோர்க் கடிதத்தில் எழுதுவது என்று அவர் பொறுமையாக ஆராய்கிறார். எதை எடுத்தாலும் ஒரே கடிதத்துக்குள் கலக்காதே என்கிறார். எமது தொழிலில் நாம் என்றுதான் எழுதுகிறோம், ஏனென்றால் கையொப்பம் நிறுவனத்துடையது. அந்தப் பழக்கம் இக்கட்டுரையிலும் எம்மை விடவில்லை.

புத்தகத்தை வாசித்த உற்சாகத்தில் நாம் அடுத்த பிழையைச் செய்தோம். எளிமை என்றால் பேச்சுவழக்கு என்று விளங்கிக்கொண்டோம். எடுத்துச் செல்லும் உணவுக்கடை ஒன்றின் கணக்கை வரிப் பரிசோதகர் விசாரித்தபோது, அவருக்கு மிகச் சிநேகமாக ஒரு கடிதம் எழுதினோம். கிழமைக்கு இவ்வளவு பவுண் மட்டில் வரும், கூடிக் குறையலாம், சின்னக் கடைகள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும்தானே என்ற தோரணை. கடைக்காரரிடம் ஒழுங்கான பற்றுச்சீட்டுகள் இருந்தன. ஆனால் அந்த மட்டில், கூடிக் குறையலாம் என்ற சொற்களைப் பார்த்த பரிசோதகர், பதிவேடே இல்லை என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதைத் திருத்தி எழுதி ஆதாரங்களை அனுப்பி முடிக்க மாதங்கள் ஆனது. அந்த மாதங்களில் கடைக்காரர் நித்திரை கொள்ளவில்லை என்று அவரது மனைவி சொன்னார்.

அதன்பின் புத்தகத்தை மறுபடி எடுத்தபோதுதான், முதல் தடவை நாம் தாவிச் சென்ற பகுதி கண்ணில் பட்டது. சட்டம் எழுதுபவர்களைக் கவர்ஸ் கேலி செய்யவில்லை, அவர்களுக்காக வாதாடுகிறார். சட்டத்தின் வசனம் கரடுமுரடாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேண்டுமென்றே பிழையாக வாசிக்க முயல்பவருக்கும் இடம் கொடுக்காதபடி அது எழுதப்பட வேண்டும். அது வாசிக்கச் சுகமாக இருக்க வேண்டியதில்லை, கட்டுப்படுத்தினால் போதும். பிழை எங்கே வருகிறதென்றால், அந்தச் சட்டத்தை ஒரு கடைக்காரருக்கு விளக்க வேண்டிய அதிகாரி, விளக்காமல் சட்டத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது. பரிசோதகருக்குப் போகும் கடிதத்தில் தொகையும் திகதியும் ஆதாரமும் இறுக்கமாக இருக்க வேண்டும். கடைக்காரருக்குப் போகும் கடிதத்தில் அவர் செய்ய வேண்டியது முதல் வரியில் இருக்க வேண்டும். இரண்டிலும் நாம் வாசிப்பவரைப் பார்க்கவில்லை. முதற் கடிதத்தில் எமது பட்டத்தைப் பார்த்தோம். இரண்டாவதில் எமது புதிய ஞானத்தைப் பார்த்தோம்.

அகதியாக வந்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் மற்றவர்களை விடக் கூடுதல். இரவல் மொழியில் வேலை செய்பவர் விறைப்பாக எழுதினால் பிழை பிடிபடாது என்று நம்புகிறார். அல்லது இந்த நாட்டவர் போலத் தோன்ற வேண்டும் என்று, ஒருபோதும் சந்தித்திராத மேலதிகாரிக்கு முதல் மின்னஞ்சலிலேயே ஹாய் போடுகிறார். பயம் ஒன்றுதான், உடுப்பு இரண்டு.

இனிக் கவர்ஸின் வாழ்க்கையில் எம்மை மிகவும் தொட்ட பகுதிக்கு வருவோம். போருக்குப் பிறகு அவர் ஓய்வெடுக்கவில்லை. வெளிநாட்டுச் சேவையின் உயர் பதவிகளில் பெண்களைச் சேர்ப்பது பற்றிய குழு, ஹார்லோ புதுநகரைக் கட்டும் சபை, பழைய மாளிகைகளைக் காப்பது பற்றிய குழு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தலைமை தாங்கினார். 1949 இல் மரண தண்டனை பற்றிய அரச ஆணைக்குழுவின் தலைவரானார். விநோதமான ஆணைக்குழு அது. மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று கேட்க அதற்கு அதிகாரம் தரப்படவில்லை. அதை மட்டுப்படுத்துவது அல்லது மாற்றியமைப்பது பற்றி மட்டும் ஆராய வேண்டும். நான்கு வருடம் நீதிபதிகள், சிறை அதிகாரிகள், மனநல வைத்தியர்கள், தூக்கிலிடும் தொழிலைச் செய்த அல்பேர்ட் பியர்பொயின்ற் உட்படப் பலரின் சாட்சியத்தைக் கேட்டார்கள். 1953 இல் அறிக்கை வந்தது. தலைவர் என்ற முறையில் எல்லைக்குள் நின்று, அளந்து எழுதிய அறிக்கை.

ஆனால் கேட்டவை அவரை மாற்றிவிட்டன. திடமான கருத்து எதுவும் இல்லாமல் உள்ளே போனவர், தூக்குத் தண்டனை ஒழிய வேண்டும் என்ற முடிவோடு வெளியே வந்தார். 1956 இல், எழுபத்தைந்து வயதில், உயிருக்கு உயிரா என்று கேட்கும் தலைப்போடு ஒரு சிறு நூலைத் தன் சொந்தப் பெயரில் எழுதினார். அறிக்கையில் ஆணைக்குழு பேசியது. நூலில் தன் பெயரை முன்னால் போட்டுத் தான் பேசினார். ஒரே மனிதர், ஒரே விடயம், இரண்டு எழுத்து. எங்கே எந்தக் குரல் என்பதை அவர் வெறும் கையேட்டில் மட்டும் சொல்லவில்லை என்பதற்கு எமக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது. 1965 இல் பாராளுமன்றம் கொலைக்கு மரண தண்டனையை நிறுத்தியதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார்.

எமது மக்களில் எத்தனை பேர், தங்களுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட்டு வருடக்கணக்கில் சிறையில் இருந்தார்கள் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகப் போதுமானதாக இருந்தது. கீழே எங்கள் கையொப்பம். மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் மண்ணிற உறை காத்திருப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல என்று எமது கந்தோரில் இருக்கும் இளையவர்களுக்கு நாம் சொல்வதுண்டு.

கவர்ஸின் கடைசிப் பெரிய வேலை, ஆங்கிலப் பயன்பாட்டுக்கு வேதமாகக் கருதப்பட்ட ஃபௌலரின் அகராதியைத் திருத்தியது. பல வருடம் அதில் இருந்தார். 1965 இல் அது வெளிவந்தபோது அவருக்கு எண்பத்தைந்து வயது. மனைவி கொன்ஸ்டன்ஸ் 1952 இலேயே காலமாகிவிட்டார். சசெக்ஸ் கிராமப்புறத்தில் இருந்தபடி வேலையை முடித்தவர், அடுத்த வருடம் ஏப்ரல் 16 ஆம் திகதி காலமானார். எளிய சொற்களை மற்றவர்கள் 1973 இலும் 1986 இலும் புதுப்பித்தார்கள். 2014 இல் அதைத் திருத்தி வெளியிட்டவர் அவரது கொள்ளுப்பேத்தி றெபேக்கா கவர்ஸ். றெபேக்காவின் சகோதரர் திமோத்தி கணிதத்தில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். நரம்பியல், நிர்வாகம், இலக்கணம், கணிதம் என்று ஒரே குடும்பத்தில். டொக்டர், எஞ்சினியர் தவிர வேறு வழி தெரியாத எம்மவர் கொஞ்சம் பொறாமைப்படலாம்.

அந்தப் பலசரக்குக் கடை அண்ணை இப்போது கடையை மகளிடம் கொடுத்துவிட்டார். வாடகை வருமானம் கொஞ்சம் இருப்பதால் வருடா வருடம் கணக்கு எம்மிடம்தான் வருகிறது. அவருக்கு நாம் அனுப்பும் கடிதத்தில் நான்கு வரிகள். முதல் வரியில் எவ்வளவு, எப்போது. இரண்டாவதில் எங்கே கையொப்பம். அதே இரண்டும் கீழே தமிழில். தமிழ் வரிகளில் அவர் அண்ணைதான். ஆங்கில வரிகளில் மிஸ்டர். போன ஜனவரியில் கையொப்பமிட்ட படிவத்தைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுவந்து தந்தார். கூடவே, அவர் பிரிக்காத மூன்று மண்ணிற உறைகள். இரண்டு வெறும் அறிவித்தல்கள். மூன்றாவது, வரித் திணைக்களம் அவருக்குத் திருப்பித் தரவேண்டிய 212 பவுண் பற்றியது. அது ஓகஸ்ட் மாதத்தில் இருந்து அவர் வீட்டில் காத்திருந்தது.